‘எனக்கு வராது டீச்சர்’: செங்கல் சூளைக்குப் போய்வரும் மாணவன் ஒருவனைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

ஆய்வின் எல்லை

வட தமிழ்நாட்டில் உள்ள ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில், 2024 ஜூன் தொடங்கி 2025 ஜூலை வரை, ஒரு மாணவனோடு நாங்கள் கடந்து வந்த காலத்தை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. ஐந்தாம் வகுப்பில் அவனுடைய வகுப்பாசிரியையாக இருந்தவள் நான். பெற்றோரிடம் விவரம் கூறி ஒப்புதல் பெற்ற பிறகே எழுதுகிறேன். அவனையும் ஊரையும் பள்ளியையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். ‘குழந்தைக்குத் தன்னம்பிக்கை ஊட்ட வேண்டும்’ என்று பயிற்சிக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறோம். அந்த நம்பிக்கை ஒரு குழந்தையிடம் எதனால் குறைந்தது, நாங்கள் எதைச் செய்தபோது கூடியது, எதைச் செய்தபோது மறுபடியும் குறைந்தது என்பதை ஓராண்டு பார்த்து எழுதிவைத்தால், இதே நிலையில் உள்ள குழந்தைகளை வகுப்பில் வைத்திருக்கும் ஆசிரியர்களுக்கு உதவும் என்று நம்புகிறேன்.

பின்னணி

மாணவனின் பெற்றோர் பொங்கல் முடிந்ததும் செங்கல் சூளைக்குக் கல் அறுக்கப் போகிறவர்கள். திருவண்ணாமலை, விழுப்புரம் போன்ற மாவட்டங்களிலிருந்து திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கத்துச் சூளைகளுக்கு இப்படிப் போகும் குடும்பங்கள் ஏராளம். மழைக்காலத்தில் வேலையில்லாத நாள்களில் வீட்டுச் செலவுக்கு வாங்கும் முன்பணத்தை, தை மாதத்திலிருந்து அடுத்த மழை தொடங்கும் வரை கல் அறுத்துக் கழிப்பார்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. கணவனும் மனைவியும் சேர்ந்தே கணக்கு. பிள்ளைகளும் கூடவே போவார்கள்.

இவன் முதல் வகுப்பில் சேர வேண்டிய ஆண்டு 2020. அந்த ஆண்டு மார்ச்சில் பெருந்தொற்றால் மூடிய பள்ளிகள், 1 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அதாவது, முதல் வகுப்பு என்ற ஒன்றை இவன் பார்க்கவேயில்லை. இரண்டாம் வகுப்பில்தான் முதன்முதலாகப் பெஞ்சில் உட்கார்ந்தான். இரண்டு மாதம் வந்தான், தை பிறந்ததும் சூளைக்குப் போய்விட்டான். மூன்றாம் வகுப்பிலும் நான்காம் வகுப்பிலும் ஜூன் முதல் ஜனவரி நடுப்பகுதி வரை மட்டும் வந்திருக்கிறான். பழைய வருகைப் பதிவேடுகளை எடுத்துவைத்துக் கூட்டிப் பார்த்தேன். நான்கு கல்வியாண்டுகளில் அவன் பள்ளியில் இருந்தது ஏறத்தாழ 16 மாதங்கள். மீதிக் காலத்தில் சூளைக்குப் பக்கத்தில் இருந்த பள்ளி எதிலும் அவன் பெயர் பதிவாகவில்லை.

இந்தக் கூட்டலை நான் செய்தது 2024 ஜூன் கடைசியில். அதற்கு முன் இரண்டு ஆண்டுகள் அதே பள்ளியில் அவனைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவனைப் பற்றி எனக்கும் ஒரு முடிவு இருந்தது: ‘நல்ல பையன், படிப்பு ஏறாது.’

முதல் வாரங்களில் கண்டது

2024 ஜூன் 10 அன்று பள்ளி திறந்தது. எங்கள் பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்புகள் ஒரே அறையில் நடக்கின்றன. அந்த ஆண்டு இரண்டும் சேர்ந்து 27 பேர். இவன் சன்னலோரக் கடைசி இடத்தில் உட்கார்ந்தான். யார் என்ன வேலை சொன்னாலும் முதலில் எழுந்திருப்பது அவன்தான். தண்ணீர்க் குடம் நிரப்புவது, சாக்பீஸ் வாங்கி வருவது, மணி அடிப்பது எல்லாம் அவன் பொறுப்பு. இரண்டாவது வாரத்தில்தான் ஒன்று எனக்கு உறைத்தது. தமிழ்ப் பாடத்தில் வரிசையாக எழுப்பி வாசிக்கச் சொல்லும்போது, அவனுக்கு மூன்று பேர் முன்னால் வரும் வரைக்கும் இருப்பான். அதன் பிறகு குடத்தில் தண்ணீர் தீர்ந்திருக்கும், அல்லது அவனுக்குத் தாகம் எடுக்கும். அவன் திரும்பி வரும்போது வாசிப்பு அவனைத் தாண்டிப் போயிருக்கும்.

அவனுடைய நோட்டுப் புத்தகம் என்னை இன்னும் கலங்கடித்தது. கரும்பலகையில் எழுதியது அத்தனையும் அதில் இருந்தது. எழுத்து அழகு, கோணல் இல்லை, ஒற்றுப்புள்ளி ஒன்றுகூட விடுபடவில்லை. சில இடங்களில் அழித்து அழித்தே தாள் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. அதே பக்கத்தைக் காட்டி, அவன் எழுதியதையே படிக்கச் சொன்னேன். விரலை முதல் எழுத்தின் மேல் வைத்தான். வெகுநேரம் கழித்து, தலை நிமிராமல், “எனக்கு வராது டீச்சர்” என்றான்.

அந்தச் சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ‘தெரியாது’ என்று அவன் சொல்லவில்லை. ‘வரலை’ என்றும் சொல்லவில்லை. ‘வரலை’ என்பது இதுவரை நடந்ததைச் சொல்கிறது, நாளைக்கு வரலாம். ‘வராது’ இனி வரப்போகும் காலத்தையும் சேர்த்து மூடிவிடுகிறது. இதை நாமும்தான் சொல்கிறோம்: எனக்குப் பாட்டு வராது, எனக்கு இங்கிலீஷ் வராது. பெரியவர்கள் சொல்லும்போது அது பழக்கத்தில் வரும் பேச்சு. ஒன்பதரை வயதுப் பையன் தன் கையெழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு சொல்லும்போது அது அவனைப் பற்றி அவனே எழுதிக்கொண்ட தீர்ப்பு.

தனியாக வைத்துச் சோதித்ததில், உயிரெழுத்துகளும் மெய்யெழுத்துகளும் தெரிந்திருந்தன. ‘மரம்’, ‘கல்’, ‘பட்டம்’ போன்ற சொற்களை எழுத்துக் கூட்டி வாசித்தான். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் துணைக்காலோடு சேர்ந்து வரும் இடங்களில் திணறினான். ‘கொ’வையும் ‘கெ’யையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அதாவது, இரண்டாம் வகுப்பின் தொடக்கத்தில் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தான். பள்ளியில் இருந்த மாதங்களைக் கணக்கிட்டால், அவன் சரியான இடத்தில்தான் இருந்தான்.

வீட்டிலும் பள்ளியிலும் கேட்டது

தாயைச் சந்தித்தபோது, “அவனுக்குப் படிப்பு மண்டையில ஏறாது டீச்சர், எங்களை மாதிரிதான்” என்றார். அலட்சியமாக அல்ல, மகனைக் காப்பாற்றும் தொனியில் சொன்னார். திட்டாதீர்கள், அவன் மேல் தவறில்லை என்பது அதன் பொருள்.

பள்ளிக்குள் கேட்டது அதைவிடக் கடினமாக இருந்தது. 2022 ஜூனில் 1 முதல் 3 வரையான வகுப்புகளுக்கு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தபோது இவன் மூன்றாம் வகுப்பு. குழந்தை எந்த நிலையில் இருக்கிறதோ அங்கிருந்து கற்பிக்க வேண்டும் என்பதற்காக அத்திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகளைப் பிரிக்கிறது. நோக்கம் மிகச் சரியானது. எங்கள் அறையில் நாங்கள் அதைக் கையாண்ட விதம்தான் சரியில்லை. குழுவாக உட்காரவைத்து, “அரும்பு எல்லாம் இங்க வா” என்று கூப்பிட்டோம். ஐந்தாம் வகுப்புக்கு வந்த பிறகும் விளையாட்டுத் திடலில் அவனுடைய பட்டப்பெயர் ‘அரும்பு’. பூவின் பெயரைக்கூட வசைச்சொல் ஆக்கிவிட முடியும் என்பதை அப்போதுதான் அறிந்தேன். ஆசிரியர் அறையிலும் “சூளைப் பசங்களுக்கு என்ன சொல்லிக் கொடுத்து என்ன, ஜனவரி வந்தா போயிடுவான்” என்ற பேச்சு இருந்தது. நானும் பேசியிருக்கிறேன். எங்கள் பள்ளியில் யாரும் பிள்ளைகளை அடிப்பதில்லை. ஆனால் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடை செய்கிறது என்பதை அந்த வாரம் தலைமை ஆசிரியர் எங்களுக்கு நினைவூட்டினார்.

பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் கண்ணும் காதும் சோதித்தோம். குறை எதுவும் இல்லை. வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் இரண்டு முறை வந்து பார்த்தார். கற்றல் குறைபாடு என்று இப்போது முடிவுகட்ட இடமில்லை, முதலில் விட்டுப்போன பள்ளி நாள்களை ஈடுசெய்யுங்கள், ஆறு மாதத்துக்குப் பிறகும் முன்னேற்றம் இல்லையென்றால் திரும்பக் கூப்பிடுங்கள் என்றார். இந்தச் சோதனைகளை முதலிலேயே செய்தது நல்லதாயிற்று. இல்லையென்றால் ஒவ்வொரு தேக்கத்தின்போதும் அந்தச் சந்தேகத்தை நோக்கியே ஓடியிருப்போம்.

ஜூலையில் எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, வரிசையாக எழுப்பி வாசிக்கவைப்பதை நிறுத்துவது. அது அவனுக்காக மட்டும் அல்ல. அந்த முறையில் வாசிக்கத் தெரிந்த குழந்தை ஒரு நிமிடம் வாசிக்கிறது, தெரியாத குழந்தை அரைமணி நேரம் பயப்படுகிறது. அதற்குப் பதிலாக இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டச் செய்தோம்.

இரண்டாவது, தனி நேரம். காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்க வகுப்புகள் அனைத்துக்கும் வந்துவிட்டதால், இவன் எட்டேகாலுக்கெல்லாம் பள்ளியில் இருப்பான். உண்டு முடித்ததும் வழிபாட்டுக்கு முன் பத்து நிமிடம் வராந்தாவில் நானும் அவனும். மற்றவர்கள் விளையாடும் நேரத்தைப் பிடுங்கக் கூடாது என்பதால் மதிய இடைவேளையைத் தவிர்த்தோம்.

மூன்றாவது, வாசிக்கும் சொற்கள் அவனிடமிருந்தே வர வேண்டும். இரண்டாம் வகுப்புப் புத்தகத்தை ஐந்தாம் வகுப்புப் பையன் கையில் கொடுத்தால், அட்டையைப் பார்த்த மாத்திரத்திலேயே அவன் கூசிப்போவான். எனவே சூளையைப் பற்றிச் சொல்லச் சொன்னேன். அவன் சொன்ன சொற்களை அட்டைகளில் எழுதினேன்: கல், மண், சூளை, பச்சைக்கல், லாரி, மேஸ்திரி, கொட்டகை, தண்ணித்தொட்டி. அவன் அதுவரை திணறிய கொம்பும் துணைக்காலும் ‘கொட்டகை’யிலும் ‘தொட்டி’யிலும் இருந்தன.

நான்காவது முடிவு ஆசிரியர்களுக்கானது. தலைமை ஆசிரியர் அதை ஆணையாகவே சொன்னார். எந்த நிலைப் பெயரையும் குழந்தையின் பெயராக வைத்துக் கூப்பிடக் கூடாது. ‘ஜனவரி வந்தா போயிடுவான்’ என்ற பேச்சு ஆசிரியர் அறையிலும் கூடாது. போகிற குழந்தைக்கு இருக்கிற மாதங்கள் இன்னும் அவசியமானவை என்பது அவர் சொன்ன காரணம்.

ஜூலை முழுவதும் பெரிய மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. ‘வராது’ என்று சொல்லாதே, ‘இன்னும் வரலை’ என்று சொல் என்று நான் திருத்திக்கொண்டே இருந்தேன். கிளிப்பிள்ளைபோல அப்படியே சொன்னான். சொல் மாறியது, முகம் மாறவில்லை.

செங்கல் கணக்கு

திருப்பம், நான் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து வந்தது. ஜூலைக் கடைசியில் ஒருநாள் காலை, அட்டைக்காக ‘வரிசை’ என்ற சொல்லைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அறுத்த பச்சைக்கல்லை வரிசை வரிசையாகக் காயவைப்பார்களாம். ஒரு வரிசைக்கு 24 கல். மாலையில் மேஸ்திரி எண்ணிக் குறித்துக்கொள்வார். “அவர் எண்ணுறதுக்கு முன்னாடியே நான் எண்ணி அப்பாகிட்ட சொல்லிடுவேன் டீச்சர்” என்றான். போன ஆண்டு ஒருநாள் எத்தனை வரிசை என்று கேட்டேன். 45 என்றான். அப்படியானால் எத்தனை கல்? அவன் யோசிக்கவேயில்லை. “நாலு வரிசைக்கு தொண்ணூத்தாறு. நாப்பது வரிசைக்கு தொள்ளாயிரத்து அறுவது. அஞ்சு வரிசைக்கு நூத்திருவது. மொத்தம் ஆயிரத்து எம்பது. அன்னிக்கு முப்பது உடைஞ்சிருந்துச்சு, அதைக் கழிச்சா ஆயிரத்து அம்பது. மேஸ்திரி ஆயிரம்னு எழுதினாரு.”

அன்று முற்பகல் கரும்பலகையில் அதே 24 x 45 என்ற பெருக்கலை எழுதி அவனைச் செய்யச் சொன்னேன். சாக்பீஸைப் பிடித்த விதமே மாறியிருந்தது. ஐந்நான்கு இருபது என்று 20 போட்டான். நாலிரண்டு எட்டு என்று அதன் இடப்பக்கத்தில் 8 போட்டான். விடை 820. எழுதிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். சரியா தவறா என்பதை அவன் கணக்கில் தேடவில்லை, என் முகத்தில் தேடினான். காலையில் சூளைக் கணக்கைச் சொன்னபோது ஒருமுறைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

இது இவனுக்கு மட்டும் நேர்வது அல்ல. பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் தேங்காய் முதலியவற்றை விற்ற சிறுவர்களிடம் நடத்தி 1985இல் வெளியிட்ட ஆய்வில், வியாபாரத்தின் நடுவே கேட்ட கணக்குகளில் 98 சதவீதத்தைச் சரியாகச் செய்தவர்கள், அதே கணக்குகளைத் தாளில் எண்களாகக் கொடுத்தபோது 37 சதவீதத்தைத்தான் சரியாகச் செய்தார்கள். ஆய்வில் இருந்தவர்கள் ஐந்தே பேர் என்றாலும், எங்கள் வராந்தாவில் நான் கண்டது அதுதான்.

இங்கே எனக்கு ஒரு தயக்கம் இருந்தது, இன்றும் இருக்கிறது. சூளை அவனுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தது என்று மெச்சுவது, குழந்தை சூளையில் இருந்ததை நியாயப்படுத்துவதாகிவிடக் கூடாது. மேஸ்திரி 50 கல்லைக் குறைத்து எழுதுவதைத் தடுக்க ஒன்பது வயதுப் பிள்ளை எண்ண வேண்டியிருந்தது என்பது வருத்தத்துக்குரிய செய்தி. அங்கே அவன் இருந்திருக்கக் கூடாது. ஆனாலும் அங்கே அவன் பெற்ற திறமை அவனுடையது. பள்ளிக்கூடம் அதைப் பார்க்காமல் விட்டால், அவன் இழந்த மாதங்களை இரண்டாம் முறை இழக்கிறான்.

அடுத்த வாரம் பெருக்கல் பாடத்தை வரிசைகளிலிருந்து தொடங்கினேன். அவன் முறையை அவனே பெஞ்சில் உட்கார்ந்தபடி சொன்னான். வகுப்பில் முதலிடம் வாங்கும் பெண் எழுந்து, “இது தப்பு டீச்சர், கீழ கீழ எழுதித்தான் போடணும்” என்றாள். இரண்டு முறையையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டோம். இரண்டிலும் 1080. அந்தப் பெண் நெடுநேரம் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “கீழ கீழ எழுதுறதுலயும் அஞ்சு வரிசையும் நாப்பது வரிசையும்தான் இருக்கு” என்று கண்டுபிடித்துச் சொன்னது அவள்தான்.

அன்றைக்கு அவனிடம் நான் எந்தப் பாராட்டும் சொல்லவில்லை. மறுநாள் வராந்தாவில் அவனாகவே ஒரு யோசனை சொன்னான்: படிக்கத் தெரிந்த சொற்களையும் கல் மாதிரி எண்ணி வைக்கலாமா? நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். வரிசைக்கு 5 சொல், பக்கத்துக்கு 5 வரிசை, பக்கத்துக்கு 25. தேதியையும் மொத்தத்தையும் அவனே எழுதினான். அந்த நோட்டில் என் கையெழுத்தோ சிவப்பு மையோ இருக்கக் கூடாது என்பது எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் கணக்கு 85.

ஆகஸ்ட் 15: எங்கள் தவறு

அந்த 85 என்னை அவசரப்படுத்தியது. சுதந்திர தின விழாவில் அவனை ஐந்து வரி வாசிக்கவைக்கலாம் என்று நான்தான் சொன்னேன். ஊரே பார்க்கட்டும், ‘அரும்பு’ என்று கூப்பிட்டவர்கள் கேட்கட்டும் என்று எனக்கு ஆசை. ஒரு வாரம் பயிற்சி கொடுத்தேன். கொடிக்கம்பத்தின் அருகே நின்று தாளைப் பிடித்துக்கொண்டு பிசிறின்றி வாசித்தான். பெரிய கைத்தட்டல். விழாவுக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர் தன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்துக் கொடுத்தார். “புத்திசாலிப் பையன்” என்று ஒலிபெருக்கியில் சொன்னவள் நான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை அவன் வரவில்லை, திங்கட்கிழமையும் வரவில்லை. அன்று மாலை வீட்டுக்குப் போனேன். அவன் வீட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். தாய்தான் பேசினார்: “எல்லாரும் கை தட்டிட்டாங்கல்ல, இனிமே எதை எடுத்தாலும் இவனையே படிக்கச் சொல்வாங்களாம். அவன் தாளைப் பாக்கவே இல்லையாம் டீச்சர். மனப்பாடமாத்தான் சொன்னானாம்.”

முன்பணம் வாங்குவதென்றால் என்னவென்று அந்தப் பையனுக்குத் தெரியும். அன்றைய கைத்தட்டல் அவனுக்கு முன்பணமாகிவிட்டது. இன்னும் அறுக்காத கல்லுக்கு ஊரே கூலி கொடுத்துவிட்டது. அதை எப்படிக் கழிக்கப் போகிறோம் என்ற பயத்தில் வீட்டிலேயே நின்றுவிட்டான். வாசற்படியில் உட்கார்ந்திருந்தபோது இது எனக்கு விளங்கியது.

அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்பு மாணவர்களிடம் நடத்தி 1998இல் வெளியான ஆய்வு ஒன்று, ‘நீ புத்திசாலி’ என்று பாராட்டப்பட்ட குழந்தைகள், உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்களைவிட, ஒரு தோல்விக்குப் பிறகு எளிதில் கைவிட்டுவிடுகிறார்கள் என்று காட்டியது. பயிற்சியொன்றில் இதைப் படித்திருந்தும் ஒலிபெருக்கியைக் கையில் பிடித்ததும் அந்தச் சொல்லே என் வாயில் வந்தது. உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் எழுதிய கட்டுரையில், ஒருவர் தன் திறன்மீது கொள்ளும் நம்பிக்கைக்கு நான்கு ஊற்றுகளைச் சொல்கிறார்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்றவர் செய்வதைக் காண்பது, பிறர் சொல்லும் ஊக்கம், அந்த நேரத்து உடலும் மனமும் இருக்கும் நிலை. இவற்றுள் வலுவானது முதலாவது. நாங்கள் மூன்றாவதைக் கொட்டிக் கொடுத்து, முதலாவதை இல்லாமலாக்கிவிட்டோம். அவன் வாசிக்கவில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

அதன் பிறகு மாற்றியவை

செவ்வாய்க்கிழமை வந்தான். வராந்தாவில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். “மனப்பாடம் பண்ணவெச்சது டீச்சர் தப்பு. இனிமே நீயா கேட்டாத்தான் மத்தவங்க முன்னாடி படிக்கணும்” என்றேன். ஒன்றும் சொல்லவில்லை. நோட்டை எடுத்து, 85 என்பதை அடித்து 71 என்று எழுதினான். தாளைப் பார்க்காமல் சொன்ன சொற்களை அவனே கழித்திருந்தான். அந்த 71 வந்த பிறகுதான் அவன் வாசிப்பு உண்மையில் தொடங்கியது என்பது என் கருத்து. அந்த எண்ணை யாரும் அவனுக்குக் கொடுக்கவில்லை.

செப்டம்பரிலிருந்து வேகம் கூடியது. காலாண்டுத் தேர்வு விடுமுறைக்கு முன் 190. தீபாவளிக்கு முன் 300ஐத் தாண்டியது. மூன்றாம் வகுப்பில் படிக்கும், இவனைப் போலவே சூளைக்குப் போகும் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி, காலை நேரத்தில் எங்கள் பக்கத்தில் வந்து நின்று அட்டைகளைப் பார்ப்பாள். அவளுக்கு அவன் அட்டைகளைக் காட்ட ஆரம்பித்தான். நான் ஏற்பாடு செய்யவில்லை. அவள் ‘கொட்டகை’யில் திணறியபோது, “இது முதல்ல எனக்கும் வரல, ரெண்டு பக்கமும் பாரு, முன்னாடி கொம்பு பின்னாடி கால்” என்று சொன்னான். ‘வரல’ என்ற சொல்லை நான் கற்பித்தபோது ஒப்புக்குச் சொன்னவன், இப்போது தன் அனுபவத்தைச் சொல்வதற்கு அதை எடுத்துக்கொண்டான்.

நவம்பரில் ஒருநாள் தமிழ்ப் பாடம் தொடங்கும்போது தண்ணீர்க் குடம் காலியாக இருந்தது. வேறொருவன் எழுந்து போனான்.

தை மாதம் நெருங்கியபோது

பெற்றோரின் முன்பணம் ஆடியிலேயே கைக்கு வந்து செலவாகியும் விட்டது. ஆகவே போகாமல் இருக்கும்படி அவர்களிடம் கேட்பதில் பொருளில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி, தலைமை ஆசிரியரும் நானும் வீட்டுக்குப் போனோம். உண்டு உறைவிடப் பள்ளியைத் தாய் ஏற்கவில்லை. பாட்டியிடம் விட்டுப் போகலாம் என்று முடிவாயிற்று. காலை உணவும் மதிய உணவும் பள்ளியில் கிடைக்கும், இரவுக்கு மட்டும் பாட்டி பார்த்துக்கொண்டால் போதும் என்ற கணக்கு அவர்களை இணங்கவைத்தது.

பிப்ரவரி இறுதியில் பாட்டிக்கு உடல்நிலை மோசமானது. தகப்பனார் வந்து இருவரையும் சூளைக்கு அழைத்துப் போனார். இந்த நிலை வரலாம் என்று நாங்கள் முன்கூட்டியே யோசித்திருந்ததால், அவன் கையில் ஒரு கடிதம் கொடுத்தனுப்ப முடிந்தது. அவன் எதை வாசிக்கிறான், எப்படிப் பெருக்குகிறான், வரிசையாக எழுப்பி வாசிக்கவைக்க வேண்டாம் என்பவற்றை அதில் எழுதியிருந்தோம். மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பது அதே 2009 சட்டத்தின் 5ஆம் பிரிவு, அதையும் குறிப்பிட்டிருந்தோம். சூளைக்குப் பக்கத்துப் பள்ளியின் ஆசிரியை தொலைபேசியில் பேசி அவனைச் சேர்த்துக்கொண்டார். ஐந்து வாரம் அங்கே போயிருக்கிறான். ஏப்ரலில் ஆண்டுத் தேர்வு முடிந்ததும் அதுவும் நின்றது.

விளைவு

2025 ஜூன் 2 அன்று பள்ளி திறந்தது. குடும்பம் திரும்பியது மூன்றாவது வாரத்தில். ஆறாம் வகுப்பில் சேர்ந்தான். நான் சோதித்தபோது, மூன்றாம் வகுப்புப் பாடப்பகுதியை நிறுத்தி நிறுத்தி, பொருள் புரிந்து வாசித்தான். ஆறாம் வகுப்புப் பாடத்தை அவனால் தனியாக வாசிக்க முடியாது. கணக்கில் பெருக்கலும் வகுத்தலும் வகுப்புக்கேற்ற அளவில் செய்கிறான், பின்னம் தெரியாது. எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இந்த ஓராண்டில் பெரிதாக எதுவும் நடந்ததாகத் தோன்றாது.

நோட்டைக் கொண்டுவந்திருந்தான். செம்மண் படிந்து, அட்டை கிழிந்து, நூல் போட்டுக் கட்டியிருந்தது. பிப்ரவரியில் எங்களிடமிருந்து போனபோது 483. கடைசிப் பக்கத்தில் 612. இடையில் உள்ள 129 சொற்களும் யாரும் அட்டை எழுதிக் கொடுக்காத சொற்கள். லாரியின் பின்புறத்தில் இருந்த ‘ஒலி எழுப்பவும்’, டீக்கடைப் பலகையில் இருந்த ‘சூடான’, மின்கம்பத்தில் இருந்த ‘அபாயம்’, மருந்துச் சீட்டில் பாட்டிக்காக வாசித்த ‘உணவுக்குப் பின்’. சில சொற்களை எண்ணிக்கையில் சேர்க்காமல் ஓரத்தில் தனியாக எழுதிவைத்திருந்தான். அவை பார்த்து எழுதியவை, வாசிக்க முடியாதவை. அவற்றில் ஒன்றைக் காட்டி, “இது என்ன டீச்சர்?” என்று கேட்டான். ‘நிர்வாகம்’ என்றேன். மேஸ்திரி உட்காரும் அறைக் கதவில் எழுதியிருந்ததாம்.

மீண்டும் செய்வதானால்

ஜூன் முதல் வாரத்திலேயே பழைய வருகைப் பதிவேட்டைக் கூட்டிப் பார்ப்பேன். ஒரு குழந்தையால் ஏன் முடியவில்லை என்று கேட்கும் முன், அந்தக் குழந்தை எத்தனை நாள் பள்ளியில் இருந்தது என்ற கேள்விக்கு விடை இருக்க வேண்டும். இப்போது எங்கள் பள்ளியில் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகும் குடும்பங்களின் 11 குழந்தைகளுக்கு இந்தக் கணக்கை எடுத்திருக்கிறோம்.

விழா மேடையைப் பயன்படுத்த மாட்டேன். அவனாகக் கேட்டிருந்தால் வேறு. நவம்பர்வாக்கில் ஒருவேளை கேட்டிருப்பான்; நான் ஆகஸ்டில் அவசரப்பட்டதால் கேட்கும் வாய்ப்பையே கெடுத்துவிட்டேனோ என்ற எண்ணம் எனக்கு உண்டு.

வகுப்பில் முதலிடம் வாங்கிய அந்தப் பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டாம் பருவத்தில் ஒரு தேர்வில் நான்கு மதிப்பெண் குறைந்ததற்காக விடைத்தாளைக் கிழித்து மறைத்தாள். ‘வராது’ என்ற பயம் கடைசிப் பெஞ்சில்தான் இருக்கும் என்று நினைத்து, முதல் பெஞ்சைப் பார்க்காமல் இருந்துவிட்டேன். அவளுக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு தேவைப்பட்டிருக்கும்.

கையளிப்பு இன்னும் சரியாகவில்லை. ஆறாம் வகுப்பில் பாடத்துக்கு ஓர் ஆசிரியர். அவர்களில் இருவர் இன்றும் வரிசையாக எழுப்பித்தான் வாசிக்கவைக்கிறார்கள். ஜூலையில் ஒருநாள் அறிவியல் பாடத்தில் அவன் முறை வந்தபோது, “சார், நான் நாளைக்குப் படிக்கிறேன்” என்று எழுந்து நின்று சொல்லியிருக்கிறான். அடம் பிடிக்கிறான் என்று அவர் என்னிடம் சொன்னார். இல்லை சார், தண்ணீர் குடிக்கப் போகாமல் நின்றிருக்கிறான் என்று ஓராண்டுக் கதையைச் சொன்னேன். மறுநாள் அவனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னாராம். நான்கு வரி வாசித்தானாம். மீதியை இன்னொருவன் முடித்திருக்கிறான்.

பெற்றோர் இந்த ஆண்டுக்கும் முன்பணம் வாங்கிவிட்டார்கள். தை மாதத்துக்கான கடிதத்தை ஆறாம் வகுப்பு ஆசிரியர்களோடு சேர்ந்து எழுதத் தொடங்கியிருக்கிறோம்.